ஏரியை இடம் வந்தவள்

ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் போதும், என் பேரனும் அவன் கூட்டாளிகளும் சைக்கிளைக் காரின் தலைமேல் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். வண்டி எதுவும் வராத பாதை வேண்டுமாம். தார் இருக்கக் கூடாதாம், சரளைக்கல் வேண்டுமாம். ஒரு பக்கம் காடு, ஒரு பக்கம் தண்ணீர் என்று அமைந்துவிட்டால் ரொம்ப விசேஷமாம். அப்படி ஓர் இடத்துக்குப் போய்ச் சேர இரண்டு மணி நேரம் காரில் போகிறார்கள். நம் வயதுக்காரர்களுக்கு இதைக் கேட்டால் சிரிப்புத்தான் வரும். நமக்குத் தார் ரோடுதான் அதிசயம், சரளைக்கல் வாசலிலேயே கிடந்தது. ஆனாலும் அவன் முகமெல்லாம் புழுதியோடு திரும்பிவந்து நாலு இட்லி கூடக் கேட்கும்போது எனக்குக் கொஞ்சம் பொறாமையும் வருகிறது. அந்தச் சுகத்தை நானும் ஒரு மூன்று மாதம் அனுபவித்தவள். எனக்கு அதைக் கொடுத்தது என் சித்தி, அம்மாவின் தங்கை.

அறுபதுகளின் தொடக்கம் அது. எங்கள் ஊர் கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவில், குறிஞ்சிப்பாடிக்குக் கிழக்கே, ஒரு பெரிய ஏரியின் தென்கோடியில் இருந்தது. ஏரிக்கு ஏதோ பெயர் உண்டு. நாங்கள் யாரும் சொன்னதில்லை, ஏரி என்றால் அதுதான். அதன் கிழக்குக் கரை தெற்கு வடக்காக நாலு மைல் ஓடும். கரைமேல் செம்மண்ணும் கப்பிக்கல்லும் கொட்டிக் கெட்டித்த பாதை. மாட்டு வண்டி ஏறினால் கரை இளகிவிடும் என்று இரண்டு முனையிலும் இரும்புச் சங்கிலி கட்டியிருந்தார்கள். மதகுகளைத் திறந்து மூடுகிற லஸ்கர்தான் சங்கிலிக்கும் காவல். கால்நடையாகப் போகிறவர்கள் குனிந்து போகலாம். மற்றபடி அந்த நாலு மைலில் ஒரு வண்டியும் வராது. இடது பக்கம் தண்ணீர், வலது பக்கம் சரிவில் சவுக்கு. காற்றடித்தால் அந்தச் சவுக்குக்குள்ளிருந்து கடல் இரைகிற மாதிரியே சத்தம் வரும். கடல் என்னவோ நாலைந்து மைல் தள்ளித்தான் இருந்தது.

எனக்குப் பத்து வயது. ஐப்பசி மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்த ஒருநாள் சித்தி ஒரு தகரப் பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். கிராம சேவிகா பயிற்சி முடித்திருந்தாள். ஊர் ஊராகப் போய்ப் பெண்களுக்குக் கோழி வளர்ப்பது, பிள்ளைக்குப் பால் கரைப்பது, புகையில்லா அடுப்பு கட்டுவது எல்லாம் சொல்லித்தருகிற வேலை. எங்கள் பக்கத்து பிளாக் ஆபீசில் போட்டிருந்தார்கள். ஆனால் இன்னும் உறுதியாகவில்லை. மார்கழி கடைசியில் கடலூரிலிருந்து பெரிய ஆபீசர் வந்து பார்த்துத்தான் உறுதி செய்வார்.

அப்பா அதற்குள் வேறு ஏற்பாடு செய்து வைத்திருந்தார். அப்பா மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மண்டியில் வேலை பார்த்தார். எதையும் எடை போட்டுப் பார்த்தே பழகியவர். தாத்தா இறந்த பிறகு சித்தியைக் கரையேற்றும் பொறுப்பு தன்னுடையது என்று நினைத்தார். திருப்பாதிரிப்புலியூரில் பாத்திரக்கடை வைத்திருந்த ஒருவர், மனைவியை இழந்தவர், இரண்டு பிள்ளைகள். "நல்ல மனுஷன். சொந்த வீடு. இதுக்கு மேல இன்னா வேணும்?" என்றார் அப்பா. சித்தி சோற்றைப் பிசைந்துகொண்டே, "வேல உறுதியாவட்டும் மாமா" என்றாள். "ஆச்சின்னா சரி, நான் குறுக்க நிக்கல. ஆவலன்னா தையில முகூர்த்தம்" என்று அப்பா முடித்துவிட்டார். அன்றைக்கு எனக்கு அவர் பெரிய கொடுமைக்காரராகத் தெரிந்தார். இப்போது நினைத்தால், இருபத்துமூன்று வயதுப் பெண்ணிடம் மூன்று மாதம் பொறுக்கிறேன் என்று சொன்ன மனிதர் அந்தக் காலத்தில் எங்கள் தெருவில் அவர் ஒருவர்தான்.

சித்தியின் சிக்கல் வேலையில் இல்லை, சைக்கிளில் இருந்தது. வேலைக்கு எழுதிப்போட்ட தாளில் ஒரு கேள்வி: சைக்கிள் ஓட்டத் தெரியும் / தெரியாது. பக்கத்தில், 'வேண்டாததை அடிக்கவும்'. அப்போதுதான் ஆபீஸ் தாள்கள் தமிழில் வரத் தொடங்கியிருந்த நேரம். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் சரியான விடைக்கு 'ரைட் அடிப்பார்' இல்லையா, அந்த நினைப்பில் சித்தி மிகவும் நேர்மையாகத் 'தெரியாது' என்பதன்மேல் பேனாவால் ஒரு ரைட் அடித்துவிட்டாள். ஆபீசில் அதை அடித்து நீக்கியதாக எடுத்துக்கொண்டார்கள், 'தெரியும்' ஆகிவிட்டது. வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே, "நீங்க ஒருத்தர்தாம்மா சைக்கிள் தெரியும்னு போட்டிருந்தீங்க" என்று சந்தோஷமாக ஒரு புது லேடீஸ் சைக்கிளைக் கொடுத்து அனுப்பினார்கள். சித்தி அதை மூன்று மைல் தள்ளிக்கொண்டே வந்தாள். வழியில் கேட்டவர்களிடமெல்லாம் காற்று இறங்கிவிட்டது என்று சொன்னாளாம்.

பச்சை நிறச் சைக்கிள். நடுவில் பார் கிடையாது, வளைந்து இறங்கும். புடவை சிக்காமல் இருக்கப் பின் சக்கரத்தின் இரண்டு பக்கமும் நூல்வலை கட்டியிருக்கும், விசிறி மாதிரி, சிவப்பும் மஞ்சளுமாக. அந்த வலையை இப்போது எந்தச் சைக்கிளிலும் காணோம். முன்னால் பஞ்சாயத்து வரி கட்டிய தகர வில்லை ஒன்று தொங்கும். கல் பாதையில் போனால் அது கிணுகிணுவென்று ஆடிக்கொண்டே வரும். எனக்கு மணிச் சத்தத்தைவிட அந்தச் சத்தம்தான் பிடிக்கும்.

"உங்கப்பாவுக்குத் தெரிஞ்சா இன்னிக்கே திருப்பாப்புலியூருக்குக் கார்டு எழுதிடுவாரு" என்று சித்தி என்னிடம் சொன்னாள். "மார்கழிக்குள்ள கத்துக்கணும். யாரும் பாக்கக் கூடாது, எதுக்க எதுவும் வரக் கூடாது. அந்த மாதிரி எடம் எங்கடி இருக்குது?"

நான் ஏரிக்கரையைக் காட்டினேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன நல்ல யோசனைகளில் அதுதான் முதலாவது.

விடியற்காலையில் இருவரும் கிளம்புவோம். ஊர்களைப் பார்த்து வைக்கப் போவதாக அப்பாவிடம் சொல்லியிருந்தாள், துணைக்கு நான். லஸ்கர் முதல்நாள் சங்கிலிப் பக்கத்தில் வேப்பங்குச்சியோடு நின்றிருந்தார். சைக்கிளைப் பார்த்தார், சித்தியைப் பார்த்தார். "சர்க்கார் சைக்கிளா?" என்று கேட்டார். ஆமாம் என்றதும், "சர்க்கார் கரையில சர்க்கார் சைக்கிள் போறத நான் யாரு தடுக்க" என்று சங்கிலியைத் தூக்கிப் பிடித்தார். அதற்குப் பிறகு அவர் கண்ணெதிரே சித்தி எத்தனை முறை விழுந்திருப்பாள். ஒருநாளும் ஊரில் ஒரு வார்த்தை விடவில்லை. அவருக்கும் நான் கடன்பட்டிருக்கிறேன்.

சித்தி கற்றுக்கொண்ட விதத்தைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கதையே அதில்தான் இருக்கிறது. கரையில் அரை மைலுக்கு ஒன்றாக மதகு. ஒவ்வொரு மதகுக்கும் ஏரிப் பக்கம் ஒரு குட்டைச் சுவர். வடக்கே போகும்போது அது இடது கைப் பக்கம் வரும். சித்தி சீட்டில் உட்கார்ந்து இடது காலைச் சுவரில் ஊன்றிக்கொள்வாள். வலது காலால் பெடலை மிதித்து, சுவரை ஓர் உந்து உந்துவாள். சைக்கிள் கிளம்பிவிடும். இறங்குவதும் அப்படித்தான், அடுத்த மதகுச் சுவரை ஒட்டிக் கொண்டுபோய் பிரேக்கைப் பிடித்து இடது காலை வைத்துவிடுவாள். பஸ் ஸ்டாப்புக்கு பஸ் ஸ்டாப் போகிற மாதிரி, மதகுக்கு மதகு. நடுவில் ஏறவும் தெரியாது, இறங்கவும் தெரியாது.

நான் சீட்டின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு ஓடுவேன். நறநறவென்று கல் நெரியும். பனி மூட்டத்தில் ஏரியே தெரியாது, நீர்க்காகம் சிறகடிக்கிற சத்தம் மட்டும் கேட்கும். தாழைப் புதர் ஒன்றைத் தாண்டும்போது ஒரு வாசனை வந்து மூக்கில் அடிக்கும். சூரியன் சவுக்குக்கு மேலே வந்ததும் பனி சட்டென்று விலகும், இடது பக்கம் முழுக்கத் தண்ணீராகத் தகதகக்கும். "விட்டுடாதடி, புடிச்சிருக்கியா?" என்று சித்தி கத்துவாள். "புடிச்சிருக்கேன்" என்று நான் இருபது கெஜம் பின்னாலிருந்து பதில் சொல்வேன்.

ஐந்தாம் மதகில் நிறுத்திவிடுவோம். அங்கிருந்து திரும்பும்போது சைக்கிள் என்னிடம். முதல்நாளே சித்தி அப்படித்தான் சொன்னாள்: "போறப்ப என் மொறை, வர்றப்ப உன் மொறை." சின்ன உடம்புதானே, சுவரும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், இரண்டு நாளில் நான் தாவி ஏறிவிட்டேன். சீட்டில் உட்கார்ந்தால் கால் எட்டாது. நின்றுகொண்டே மிதித்தேன். இரண்டு மைல் தூரத்துக்கு ஒரு வண்டியில்லை, மாடில்லை, விலகு என்று அதட்ட ஆளில்லை. காற்றில் பாவாடை படபடக்கும், தகர வில்லை கிணுகிணுக்கும். கொஞ்ச தூரம் போய் நின்று திரும்பிப் பார்ப்பேன். தூரத்தில் சித்தி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்துவருவாள். எனக்கு ஏரி, வானம், கரை எல்லாமே என் பெயருக்கு எழுதிக்கொடுத்த மாதிரி இருக்கும்.

கப்பி குத்தி என் உள்ளங்கால் கிழிந்ததை அம்மா சேற்றுப்புண் என்று நினைத்து மஞ்சளும் வேப்பெண்ணெயும் பூசினாள். சித்தியின் முழங்கையில் இருந்த காயத்துக்கு, புகையில்லா அடுப்பு கட்டினால் இப்படியெல்லாம் ஆகுமா என்று கேட்டாள். பெரியவர்களை ஏமாற்றுவது அவ்வளவு சுலபமாக இருந்தது.

மார்கழி கடைசியில் ஆபீசர் ஜீப்பில் வந்தார். எங்கள் வீட்டுக் கூடத்தில் சித்தி நடத்திய தாய்மார் கூட்டத்தைப் பார்த்தார், அடுப்பைப் பார்த்தார், திருப்தி. அப்பாவும் அன்று மண்டிக்குப் போகாமல் கூடவே இருந்தார். கடைசியாக ஆபீசர், "சைக்கிள் குடுத்த எடத்துலயெல்லாம் சைக்கிள் செவுத்துல சாஞ்சிக்கினு இருக்குது. நீங்க ஓட்டுவீங்க இல்ல?" என்று கேட்டார். ஒரு காகிதத்தை மடித்துக் கொடுத்தார். ஏரியின் வடக்கு முனை ஊரில் இருக்கிற பள்ளிக்கூடத்து வாத்தியாரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு வர வேண்டும். அவ்வளவுதான் பரீட்சை. எல்லோரும் ஏரிக்கரைக்குப் போனோம்.

ஒன்றாம் மதகிலிருந்து சித்தி கிளம்பியது இன்றும் கண்ணில் நிற்கிறது. இடது கால் சுவரில், ஓர் உந்து. நேர்க்கோடு போட்ட மாதிரி போனாள். "பேஷ்" என்றார் ஆபீசர். அப்போது மணி ஒன்பது. பதினொன்றுக்குள் வந்துவிடுவாள் என்று ஆபீசர் அடுத்த ஊரைப் பார்க்கப் போனார்.

பதினொன்று ஆயிற்று. பன்னிரண்டு ஆயிற்று. எனக்கு அப்போதுதான் உறைத்தது. சித்தி ஒருநாளும் தெற்கே பார்த்து ஓட்டியதில்லை. அவளுக்குத் திரும்பத் தெரியாது. திரும்பினால் சுவர் வலது பக்கம் வந்துவிடும். அவள் கற்றுக்கொண்டிருக்க வேண்டிய அந்தப் பாதி வழியை மூன்று மாதமாக நான் ஓட்டித் தீர்த்திருந்தேன்.

ஒரு மணிக்கு அப்பா வாடகைச் சைக்கிள் எடுத்துக்கொண்டு கரையோடு போய்ப் பார்த்துவிட்டு வந்தார். கரையில் யாரும் இல்லை. "பத்து மணிக்கே கையெழுத்து வாங்கிட்டாளாம். மேற்கால போனான்னு வாத்தியார் சொல்றாரு" என்றார். "மேற்கால இன்னா இருக்குது? ரயில் ஸ்டேஷன்தான் இருக்குது."

அம்மா மதகுச் சுவரிலேயே உட்கார்ந்துவிட்டாள். "மாத்துப் பொடவகூட எடுக்கலியேங்க."

"புடிக்கலன்னா புடிக்கலன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் இல்ல? நான் இன்னா புலியா?" என்றார் அப்பா.

"சொன்னா கேட்டிருப்பீங்களா?" என்று அம்மா கேட்டாள்.

சித்தி ரயில் ஏறவில்லை என்று எனக்குத் தெரியும். சொல்லியிருக்கலாம். ஆனால் சொன்னால், நான் சைக்கிள் ஓட்டியதும் வெளிவரும், அதனால்தான் இவ்வளவும் என்பதும் வெளிவரும். வாயை மூடிக்கொண்டு நின்றேன். எத்தனையோ வருடம் ஆகிவிட்டது, அந்த இரண்டு மணி நேரத்தை நினைத்தால் எனக்கு இன்னும் வெட்கமாக இருக்கிறது.

மூன்று மணிக்கு ஆபீசர் வந்தார். விஷயத்தைக் கேட்டு முகம் சுருங்கிப் போனார். பேனாவை எடுத்துக் காகிதக் கட்டைப் பிரித்தார். எல்லோரும் வடக்கே கரையைப் பார்த்தபடி நின்றிருந்தோம். அப்போது எங்கள் முதுகுக்குப் பின்னால், மேற்கிலிருந்து, மணிச் சத்தம் கேட்டது.

சித்திதான். தலைமுடி அவிழ்ந்து, புடவை முழங்கால்வரை செம்மண் ஏறி, முழங்கையில் ரத்தம் காய்ந்துபோய் வந்தாள். அந்த இடத்தில் சுவர் கிடையாது. "புடிங்க, யாராச்சும் புடிங்க" என்று கத்திக்கொண்டே வந்தாள். லஸ்கர் அசைவதற்குள் அப்பா வேட்டியை மடித்துக்கொண்டு ஓடினார். எதிரே போய் இரண்டு கையாலும் ஹாண்டில்பாரைப் பிடித்து நிறுத்தினார். சித்தி காலைத் தரையில் வைத்தாள். இடுப்பிலிருந்து காகிதத்தை எடுத்தாள். "கையெழுத்து வாங்கிட்டேன் மாமா" என்றாள்.

"ஆறு மணி நேரமா எங்கம்மா போனீங்க? போன வழியே வந்திருந்தா பதினொன்னுக்கெல்லாம் வந்திருக்கலாமே" என்றார் ஆபீசர்.

"திரும்பி வந்து எனக்குப் பழக்கமில்ல சார்."

"அப்டின்னா?"

"போறது என் மொறை. வர்றது எங்க அக்கா பொண்ணு மொறை. வர்றப்ப நான் ஓட்டினதே இல்ல சார், நடந்துதான் வருவேன். அதான், ஏரி எப்பவும் எடது கைப் பக்கமே இருக்கற மாதிரி சுத்தி வந்துட்டேன். அந்த ஃபாரத்துலகூட நான் தெரியாதுன்னுதான் சார் அடிச்சேன்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் அம்மாவின் முந்தானைக்குள் போய்விட்டேன்.

ஏரியின் மேற்குக் கரை என்பது கரையே இல்லை, முந்திரிக்காடு. பன்னிரண்டு மைலுக்குக் குறையாது. விழுந்த இடங்களில் இடது பக்கம் மேடாக எது இருந்ததோ அதில் கால் வைத்து ஏறியிருக்கிறாள், பனங்கட்டை, சுமைதாங்கிக் கல், ஓர் இடத்தில் புற்று. "புத்துன்னு தெரியாம கால வெச்சுட்டேன், கன்னத்துல போட்டுக்கினு ஏறினேன்" என்று பிறகு சொன்னாள். மேடே கிடைக்காத ஓர் இடத்தில், முந்திரிச் சருகு வாரிக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் கூடையைப் போட்டுவிட்டு வந்து அவளைத் தூக்கி உட்காரவைத்துத் தள்ளிவிட்டார்களாம். சருகுமேல் சைக்கிள் போனால் அப்பளம் நொறுங்குகிற மாதிரி இருக்கும், கேட்கவே அவ்வளவு நன்றாக இருந்தது என்றாள். பயந்துகொண்டுதான் போனாளாம், ஆனால் நடுக்காட்டில் ஓர் இடத்தில் பயத்தைக் காணோமாம்.

ஆபீசர் அவள் முழங்கையைப் பார்த்தார். சைக்கிளின் வளைந்த மட்கார்டைப் பார்த்தார். "தெரியாமதான் பன்னெண்டு மைல் வந்தீங்களா?" என்றார். பிறகு ஜீப்பின் முன்மூடிமேல் காகிதத்தை வைத்து, பச்சை மையில், 'சைக்கிள் ஓட்டத் தெரியும். நேரில் பார்த்தேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். "திரும்பறத மெல்லக் கத்துக்கலாம்மா. போவத் தெரிஞ்சிருக்குது, அது போதும்" என்றார்.

ஊரில் பெண்கள் அவள் ஏரியையே வலம் வந்துவிட்டாள் என்று பேசிக்கொண்டார்கள். கோயில் குருக்கள்தான் திருத்தினார்: "வலம் வந்தா ஏரி வலது கைப் பக்கம் இருக்கணும். அவ வந்தது இடம்." சித்திக்கு 'இடம் வந்தவள்' என்ற பெயர் நிலைத்துவிட்டது. அப்பா சொன்ன சொல்லைக் காப்பாற்றினார், பாத்திரக்கடைக்காரருக்கு மறுப்பு எழுதினார். அவரும் உண்மையிலேயே நல்ல மனிதர்தான், கோபிக்காமல் பதில் போட்டார். சித்தி அந்த பிளாக்கில் முப்பது வருடம் வேலை பார்த்தாள். அவள் தூக்காத பிள்ளை அந்தப் பக்கத்து ஊர்களில் குறைவு. பிறகு தானே பார்த்து ஒருவரைக் கட்டிக்கொண்டாள், அவருக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது. எங்கள் வீட்டில் பெண் என்றால் வேலைக்குப் போவாள் என்று ஆனது அவளால்தான். நான் டீச்சர் ஆனது அவளால்தான். அவளுக்கு நன்றி சொல்ல எனக்கு எத்தனையோ வாய்ப்பு இருந்தது. ஒரு தடவைதான் சொன்னேன், அதற்கும் அவள், "போடி, போறப்ப நீ ஓடி வந்த இல்ல? வர்றப்ப நான் நடக்கறதுதான நாயம்" என்றுவிட்டாள்.

ஆனால் அன்று சாயங்காலம் நடந்தது ஒன்று இருக்கிறது. ஜீப் போன பிறகு வீட்டுக்குக் கிளம்பினோம். சித்தி நொண்டிக்கொண்டு வந்தாள். அப்பா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார், ஒன்றும் பேசவில்லை. இன்றைக்கு முதுகில் நாலு விழும் என்று நினைத்துக்கொண்டு நான் கடைசியில் வந்தேன். ஊர் முனையில் அப்பா நின்றார். திரும்பி என்னைப் பார்த்தார்.

"ஏறு" என்றார். "உன் மொறையாமே."

நான் ஏறினேன். தெருவில் ஆட்கள் நின்று பார்த்தார்கள், அப்பா யாரையும் ஒன்றும் சொல்ல விடவில்லை. பின்னால் அவரும் சித்தியும் பேசிக்கொண்டே நடந்துவருவது வீடு வரைக்கும் கேட்டது.